கலர் காஸ்ட்ட எடுக்க கிரே கார்டா, கலர் செக்கரா, எல்சிசியா, இல்ல லைட்டையே மாத்தணுமா?

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் மீடியம் ஃபார்மட் கேமராவ (ஃபுல் ஃபிரேம விட பெரிய சென்சார் உள்ளது) செகண்ட் ஹேண்ட்ல வாங்கியோ பெங்களூர்ல வாடகைக்கு எடுத்தோ வேலை பண்ற நம்ம ஆளுங்க கிட்ட இருந்து வர்ற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணு தான். "அண்ணா, ஃபைல் செம ஷார்ப்பா இருக்கு, ஆனா ஒரு பக்கம் பச்சை அடிக்குது, இல்லன்னா மொத்தமா மஞ்சளா நிக்குது, இதுக்கு கிரே கார்டு போதுமா, கலர் செக்கர் வாங்கணுமா, எல்சிசின்னு ஒண்ணு சொல்றாங்களே அது வேணுமா?"

இப்படி படத்துல வேண்டாம ஏறி நிக்கற நிறத்த தான் கலர் காஸ்ட்னு சொல்றாங்க. கிரே கார்டுன்னா சாம்பல் கலர் அட்டை, கலர் செக்கர்னா பல கலர் கட்டம் போட்ட அட்டை, எல்சிசின்னா லென்ஸால வர்ற காஸ்ட்ட எடுக்க லென்ஸ் முன்னாடி வெள்ளைத் தகட்ட வெச்சு எடுக்குற ஷாட். என் பதில முதல்லயே சொல்லிடறேன். காஸ்ட் ஃபிரேம் முழுக்க ஒரே அளவுல இருக்கா, இல்ல இடத்துக்கு இடம் மாறுதான்னு பாக்காம எந்த சாமானும் வாங்காதீங்க. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா இருக்குற வழியில பாதி தானா அடிபட்டுப் போயிடும், மிச்சத்துல எது உங்க வேலைக்கு, உங்க காசுக்கு ஒத்து வரும்னு பாத்தா போதும்.

கேமரா பெருசு, ரா ஃபைல் (கேமரா திருத்தாம அப்படியே கொடுக்குற ஃபைல்) 14 பிட், 16 பிட்டுன்னு கலர நுணுக்கமா பதியும், அதனால எதையும் அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்க கிட்ட இருக்கு. அதுல பாதி தான் உண்மை. ஃபியூஜியோட ஜிஎஃப்எக்ஸ்ல, ஹாசல்பிளாட் எக்ஸ் கேமராவுல இருக்குற 44க்கு 33 மில்லிமீட்டர் சென்சார் ஃபுல் ஃபிரேம விட பரப்புல சுமார் 1.7 மடங்கு, ஃபேஸ் ஒன்னோட 53.4க்கு 40 சென்சார் கிட்டத்தட்ட 2.5 மடங்கு. ஷேடோவ இழுத்தா தாங்கும், ஸ்லைடர தள்ளினாலும் சீக்கிரம் உடையாது. ஆனா பிட் கூடுனா காஸ்ட் குறையும்னு எதுவும் இல்ல. சொல்லப்போனா வெள்ளைச் சுவர், ஸ்டுடியோ பேக்டிராப், பாலிஷ் போட்ட கல்லு மாதிரி வழவழன்னு போற இடத்துல இந்த ஃபைல் அவ்ளோ சுத்தமா இருக்குறதாலயே லேசான மெஜன்டா (ஊதா கலந்த ரோஸ்) கூட கண்ணுல குத்தும்.

## காஸ்ட் எங்க இருந்து வருது?

ஒரு ஃபைல திறங்க. ஃபிரேமுக்கு நடுவுல சாம்பலா இருக்க வேண்டிய ஒரு இடத்துல ஐட்ராப்பர (எது சாம்பல்னு சாஃப்ட்வேருக்குக் காட்டுற டூல்) வெச்சு ஒரு கிளிக். அதுக்கப்புறம் எதையும் தொடாம மவுஸ நாலு மூலைக்கும் கொண்டு போங்க, ஷேடோவுக்கும் கொண்டு போங்க, அங்கயும் சாம்பலா இருக்க வேண்டிய இடமா பாத்து ஆர் ஜி பி (சிவப்பு, பச்சை, நீலம்) நம்பர மட்டும் பாருங்க. உதாரணத்துக்கு நடுவுல 182, 181, 182ன்னு இருக்கு, அதே சுவத்துல இடது ஓரத்துல 174, 183, 175ன்னு இருக்குன்னா அங்க பச்சை ஏறியிருக்கு. நம்பர் எல்லா இடத்துலயும் மூணும் ஒண்ணா வந்தா உங்க காஸ்ட் முழுக்க ஒரே மாதிரி, அந்த ஒரு கிளிக்லயே வேலை முடிஞ்சுது. (ரா ஃபைல திருத்துற சாஃப்ட்வேர்ல ரெண்ட சொல்றேன், கேப்ச்சர் ஒன்ல 0ல இருந்து 255 வரைக்கும் காட்டும், லைட்ரூம்ல சதவீதமா காட்டும், ரெண்டுலயும் பாக்க வேண்டியது மூணும் சமமான்னு தான்.)

மூலைக்கு மூலை மாறுதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, வெளிச்சமே பல கலர். மண்டபத்துல மேடைக்கு எல்இடி பார் லைட், டைனிங் பக்கம் டியூப் லைட், ஜன்னல் வழியா பகல் வெளிச்சம், மூணும் ஒரே ஃபிரேமுக்குள்ள. மாந்தோப்புக்குள்ள ஆள நிக்க வெச்சா நெத்தியில வானத்து நீலம் விழும், தாடைக்கு அடியில புல்லோட பச்சை விழும், ஒரே மூஞ்சியில ரெண்டு காஸ்ட். இன்னொண்ணு, வெளிச்சம் ஒழுங்கா தான் இருக்கும், லென்ஸும் சென்சாரும் சேர்ற விதத்துல வரும். பழைய சிமெட்ரிக்கல் வைடு லென்ஸ்ல இருந்து ஓரத்துக்குப் போற ஒளி ரொம்ப சாய்வா விழும், ஒரு பிக்சலுக்குப் போக வேண்டியது பக்கத்துப் பிக்சல்ல கசியும், அதனால ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம் மெஜன்டா. லென்ஸ ஷிஃப்ட் பண்ணினா (மேல கீழயோ பக்கவாட்டுலயோ நகத்தினா) இது இன்னும் மோசமாகும்.

சிலது காஸ்ட்டே கிடையாது, இத மறந்துட்டு தான் நிறைய பேர் நல்ல ஃபைல கெடுக்குறாங்க. நலங்கு வெச்ச பொண்ணு மூஞ்சி மஞ்சளா தான் இருக்கும், ஏன்னா அங்க நிஜமாவே மஞ்சள் பூசியிருக்கு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில ஒரு தட்டுல வெண்கூடும் பக்கத்துத் தட்டுல மஞ்சக்கூடும் கொட்டியிருப்பாங்க, மஞ்சக்கூட மட்டும் ஃபிரேம் நிறைய எடுத்தா ஆட்டோ வொயிட் பேலன்ஸ் (வெள்ளைய வெள்ளையா காட்ட கேமராவே கலர திருத்துறது) அத காஸ்ட்டுன்னு நெனச்சு வெளுத்து விட்டுடும், அப்புறம் எது எந்த ரகம்னு படத்த பாத்து சொல்ல முடியாது. பாலிஷ் போட்ட கருப்புக் கல்லுல நீலமா தெரியுறது வானம் பிரதிபலிக்குறது, அத வொயிட் பேலன்ஸ்ல எடுக்கப் பாத்தா கல்லு பழுப்பாகும், வானம் அங்கயே தான் இருக்கும்.

## எத வெச்சு எடை போடறது

எந்த வகை காஸ்ட்டுக்கு இது வேலை செய்யும்ங்கறது தான் முதல் கேள்வி. அடுத்து கைக்காசு. அதுக்கப்புறம் ஸ்பாட்ல எவ்ளோ நேரம் பிடிக்கும், கல்யாணத்துல முகூர்த்த நேரம் யாருக்காகவும் நிக்காது. சிஸ்டம் முன்னாடி எவ்ளோ நேரம் பிடிக்கும். நாளைக்கு இன்னொரு நாள் அதே பொருள எடுத்தா அதே கலர் வருமா, இது கேட்லாக் எடுக்குறவங்களுக்கு உயிர் நாடி. கடைசியா ஃபைலுக்கு என்ன சேதாரம், ஏன்னா காஸ்ட்ட எடுக்கறதுன்னா சிவப்பு, பச்சை, நீலம்ங்கற மூணு சேனல்ல ஏதோ ஒண்ண தூக்குறது தான், தூக்குன சேனல்ல நாய்ஸும் கூட வரும். குண்டு பல்ப் வெளிச்சம் சுமார் 2800 கெல்வின், அதுல நீலம் ரொம்பக் கம்மி, அந்த நீலத்த இழுத்து வெள்ளையாக்கும்போது ஷேடோவுல புள்ளி புள்ளியா தெரியறது இதனால தான்.

| வழி | எதுக்கு சரி | எதுக்கு ஆகாது | செலவு | ஸ்பாட்ல நேரம் | தெரியாம வர்ற செலவு |
|---|---|---|---|---|---|
| ஐட்ராப்பர், ஸ்லைடர் | ஒரே மாதிரி காஸ்ட் | கலர் துல்லியம் வேணும்னா | இல்ல | இல்ல | சிஸ்டத்துல நேரம், படத்துக்குப் படம் மாறுறது |
| கிரே கார்டு | ஒரே மாதிரி காஸ்ட் | கலப்பு லைட், லென்ஸ் காஸ்ட் | சில நூறு ரூபாய்ல இருந்து | ஒரு ஷாட் | லைட் மாறும்போதெல்லாம் திரும்ப எடுக்கணும் |
| கலர் செக்கர் | ஒவ்வொரு கலரும் ஒத்து வரணும்னா | கலப்பு லைட், லென்ஸ் காஸ்ட் | ஆயிரக்கணக்குல | ஒரு ஷாட், கொஞ்சம் கவனம் | ஃபியூஜியோட ஃபிலிம் சிமுலேஷன் (ரெடிமேட் கலர் ஸ்டைல்) போயிடும், கார்டு வெளுக்கும் |
| எல்சிசி, ஃப்ளாட் ஃபீல்டு | லென்ஸ் காஸ்ட், ஓர இருட்டு | வெளிச்சத்தோட காஸ்ட் | அக்ரிலிக் துண்டு விலை | ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒண்ணு | ஸ்டோரேஜ், ஓரத்துல நாய்ஸ் |
| லைட்ட சரி பண்றது | கலப்பு லைட் | லென்ஸ் காஸ்ட் | ஜெல்லுல (லைட் மேல போடற கலர் தாள்) இருந்து லைட் வரைக்கும் | ஜாஸ்தி | ஆள் வேணும், பேச்சுவார்த்தை வேணும் |

## ஐட்ராப்பரும் கண்ணும் மட்டும்

காசு இல்ல, ஸ்பாட்ல நேரமும் இல்ல, ரா ஃபைல்ல வொயிட் பேலன்ஸ் மாத்துறதால ஜேபெக் அளவுக்கு தரம் அடி வாங்காது. போர்ட்ரெய்ட், ஊர்த் திருவிழா, டிராவல்னு மூடு தான் முக்கியம்னா இதுவே தாராளம். ஒகேனக்கல்ல சாயங்கால வெளிச்சத்துல பரிசல் ஓட்டுறவர எடுத்துட்டு வந்து அத நியூட்ரல் ஆக்கினா படத்துல உயிரே இருக்காது, அங்க கண்ணு சொல்றது தான் சரி.

சிக்கல் எங்கன்னா, ஃபிரேம்ல நிஜமான சாம்பல் ஒண்ணு இருக்கணும். நம்ம ஊரு கல்யாணத்துல கைக்கு முதல்ல கிடைக்குற வெள்ளை வேட்டி தான், அது மேல கிளிக் பண்ணிடாதீங்க. சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி, சோப்புத்தூள்ல இருக்குற பிரைட்னர் ஏறுன வேட்டி, ரெண்டுமே கொஞ்சம் நீலமா தான் இருக்கும், அத நியூட்ரல்னு சொன்னா சாஃப்ட்வேர் மொத்தப் படத்தையும் மஞ்சள் பக்கம் தள்ளிடும், மாப்பிள்ளை மூஞ்சி மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிடும். மைக் ஸ்டாண்டு, ஸ்பீக்கர் மேல இருக்குற சாம்பல் பெயின்ட், நிழல் விழாத சிமெண்ட் தூண், இதெல்லாம் வேட்டிய விட நம்பலாம்.

இன்னொரு விஷயம், கண்ணு பழகிடும். மஞ்சள் காஸ்ட் உள்ள ஃபைல கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டே இருந்தா அது வெள்ளையா தெரிய ஆரம்பிக்கும், அடுத்த நாள் காலையில திறந்தா தான் தெரியும். ஆல்பத்துல அடுத்தடுத்த பக்கத்துல ஒரே புடவை ரெண்டு கலர்ல நிக்கறது பெரும்பாலும் இதனால தான். படத்துக்குப் படம் ஸ்லைடர நகத்துற நேரத்தையும் கணக்கு போட்டா இது இலவசம்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரல.

## கிரே கார்டு

முதல் காசு எதுக்கு போடலாம்னு கேட்டா நான் இதத் தான் சொல்லுவேன். ஆனா கார்டுல ஒரு வித்தியாசம் இருக்கு. 18 சதவீத கிரே கார்டுன்னு விக்கறது எக்ஸ்போஷருக்கு செஞ்சது, பிரிண்ட் பண்ண மலிவு கார்டுல லேசா ஒரு நிறம் கலந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது, ஆனா நீங்க எடுக்குற எல்லாப் படத்துலயும் ஏறிடும். வொயிட் பேலன்ஸுக்குன்னே செஞ்ச கார்டு வாங்குங்க, பிளாஸ்டிக்லயே சாம்பல் கலந்து வர்றது நல்லது, மேல கீறல் விழுந்தாலும் உள்ளயும் அதே சாம்பல்.

கார்டு ஆளு நிக்கற இடத்துல இருக்கணும், ஆளு மேல விழுற அதே லைட் அது மேல விழணும். கேமரா பக்கத்துல நின்னுகிட்டு கைய நீட்டி கார்ட காட்டி எடுத்தா அது உங்க இடத்து வெளிச்சம், அதனால பிரயோஜனம் இல்ல. பட்டுச் சட்டைக்கு முன்னாடி பிடிச்சா சட்டையோட கலர் கார்டுல ஏறும், அதையும் பாத்துக்குங்க. மேகம் மூடுனா திரும்ப ஒரு ஷாட்.

ரா தான எடுக்கறோம், கேமராவுல கஸ்டம் வொயிட் பேலன்ஸ் வைக்கணுமான்னு கேப்பாங்க. வைக்கணும்னு தான் சொல்லுவேன். கேமரா பின்னாடி காட்டுற ஹிஸ்டோகிராம் (எவ்ளோ வெளிச்சம் பதிவாச்சுன்னு காட்டுற வரைபடம்) ராவுல இருந்து வர்றது கிடையாது, ஜேபெக் பிரிவியூல இருந்து வர்றது, வொயிட் பேலன்ஸ் தப்பா இருந்தா அந்த ஹிஸ்டோகிராமும் தப்பு சொல்லும். ஓசூர் பக்கம் பாலிஹவுஸ்ல சிவப்பு ரோஜா எடுக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா ரோஜாவுல சிவப்பு சேனல் தான் முதல்ல வெடிக்கும், வெடிச்ச சேனல்ல இதழோட மடிப்பு எல்லாம் போய் ஒரே சிவப்பு அப்பலா நிக்கும். சரியான வொயிட் பேலன்ஸ் வெச்சு எடுத்தா அந்த சிவப்பு எங்க நிக்குதுன்னு ஸ்பாட்லயே ஓரளவு நம்பி பாக்கலாம்.

ஒகேனக்கல்ல தண்ணிய பால் மாதிரி எடுக்க 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளிய ரொம்பக் குறைக்குற கண்ணாடி) போடறவங்க கார்டையும் அதே ஃபில்டர் வழியா எடுங்க, ஃபில்டரோட காஸ்ட் மொத்தமும் அதுல வந்துடும். ஐஆர் (அகச்சிவப்பு) தடுப்பு இல்லாத ஃபில்டரா இருந்தா மட்டும் கார்டு கை கொடுக்காது. கண்ணுக்குத் தெரியுற ஒளிய ஃபில்டர் குறைச்சிடும், அகச்சிவப்பு மட்டும் உள்ள வந்துடும், ஒவ்வொரு பொருளும் அத வேற வேற அளவுல திருப்பி அனுப்பும், கருப்பு நைலான் துணி பழுப்பா நிக்கும், பக்கத்துப் பாறை சாதாரணமா இருக்கும். இதுக்கு நல்ல ஃபில்டர் வாங்குறது தான் வழி.

## கலர் செக்கர்

பர்கூர், ஜகதேவி பக்கம் கிரானைட் பாலிஷ் பண்ற கம்பெனிக்கு கேட்லாக் எடுக்கப் போனா ஓனர் நிஜ ஸ்லாப்ப பக்கத்துல நிக்க வெச்சுகிட்டு தான் ஸ்கிரீன பாப்பாரு.

"ஏம்ப்பா, படம் நல்லா தான் வந்திருக்கு, ஆனா இது நம்ம கல்லு கலர் இல்லையே, இதுல இருந்த ஊதா எங்க போச்சு?"

"வொயிட் பேலன்ஸ் கரெக்டா தாங்க இருக்கு."

"அது இருக்கட்டும்ப்பா, வெளிநாட்டுல இருக்குற பார்ட்டி இந்தப் படத்த பாத்து தான் ஆர்டர் போடுவான், கண்டெய்னர் அங்க போய் இறங்குன பின்னாடி கலர் வேறன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

அவர் கேக்கறது நியாயம். கிரே கார்டு சாம்பல சாம்பலாக்கும், அவ்ளோ தான் அதோட வேலை. பாரடைசோ மாதிரி கல்லுல ஊதாவும் பழுப்பும் சாம்பலும் ஓடுது, அந்த ஊதாவ சென்சார் எப்படிப் பாக்குதோ சாஃப்ட்வேர் எப்படி மொழிபெயர்க்குதோ அது தனிக் கதை. இங்க தான் 24 கட்டம் உள்ள கலர் செக்கர் காசுக்கு வேலை செய்யும். 1976ல மேக்பெத் பேருல வந்தது, அப்புறம் எக்ஸ்ரைட்டு, 2021ல இருந்து கேலிபிரைட் பேருல வருது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இருக்க வேண்டிய மதிப்பு தெரியும், உங்க கேமரா அந்த லைட்ல எவ்ளோ விலகுதுன்னு சாஃப்ட்வேர் கணக்கு போட்டு ஒரு புரொஃபைல் செஞ்சு கொடுக்கும். ஸ்டுடியோ ஃபிளாஷுக்கு ஒண்ணு செஞ்சு வெச்சா அதே கேமரா, அதே ஃபிளாஷ் இருக்குற வரைக்கும் திரும்பத் திரும்ப போட்டுக்கலாம், அடுத்த மாசம் வர்ற ஸ்லாப்பும் அதே கலர் கணக்குல வரும். மாம்பழக் கூழ் கம்பெனி டின் லேபிளுக்கு எடுக்குறவங்க, பட்டுப் புடவை கடைக்கு எடுக்குறவங்க, தருமபுரி அருங்காட்சியகத்துல இருக்குற நடுகல் மாதிரி பொருள ஆவணமா எடுக்கணும்னு ஆசைப்படுறவங்க, இவங்களுக்கு எல்லாம் இது தான்.

இதுல யாரும் முன்கூட்டியே சொல்லாத செலவு சிலது இருக்கு. லைட்ரூம் டிசிபிங்கற வகை புரொஃபைல் எடுத்துக்கும், கேப்ச்சர் ஒன் ஐசிசிங்கற வகை தான் எடுத்துக்கும், ஒண்ணுக்குச் செஞ்சது இன்னொண்ணுக்கு ஆகாது. ஹாசல்பிளாட்காரங்க இலவசமா கொடுக்குற ஃபோகஸ் சாஃப்ட்வேர் அவங்களோட நேச்சுரல் கலர் சொல்யூஷன நம்பி ஓடுறது, நிறைய பேர் அந்தக் கலருக்காகவே அந்தக் கேமராவ வாங்குறாங்க, அப்படி இருந்தா முதல்ல அதுலயே ஒரு கிரே கார்ட வெச்சு எடுத்துப் பாத்துட்டு அப்புறம் செக்கரப் பத்தி யோசிங்க. ஜிஎஃப்எக்ஸ் வெச்சிருக்குறவங்களுக்கு இன்னொரு இழப்பு இருக்கு. லைட்ரூம்ல புரொஃபைல்னு ஒரே ஒரு இடம் தான், அதுல செக்கர் புரொஃபைல போட்டா புரோவியாவோ கிளாசிக் குரோமோ போயிடும். ஃபியூஜி கலருக்காக கேமரா வாங்கிட்டு அந்தக் கலர மூடி வைக்கறதுல அர்த்தம் இல்ல, கல்யாணத்துக்கு ஃபிலிம் சிமுலேஷன், கேட்லாக்குக்கு செக்கர் புரொஃபைல்னு பிரிச்சு வெச்சுக்குங்க.

செக்கராலயும் ஆகாதது மயில் கழுத்து கலர் புடவை. பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர், கோணம் மாறினா நிறமும் மாறும், அதுக்கு எந்த புரொஃபைலும் ஒரு பதில் சொல்ல முடியாது. அதோட மலிவு எல்இடியில சில அலைநீளமே விட்டுப் போயிருக்கும், அந்த லைட்ல அரக்கு கலர் புடவை செத்த மாதிரி தெரியும், புரொஃபைல் ஓரளவு இழுத்துக் கொண்டு வரும், முழுசா வராது. கட்டங்கள விரலால தொடாதீங்க, கல்யாண வீட்டுல குங்குமம் மஞ்சள் கை பட்டா அதோட சரி, வெயில்லயும் போட்டு வைக்காதீங்க. வெளுத்த கார்டுல செஞ்ச புரொஃபைல நம்பக் கூடாது.

## எல்சிசி

இது லென்ஸ் காஸ்ட்டுக்கு மட்டும். ஜிஎஃப்எக்ஸ்ல ஃபியூஜியோட சொந்த ஜிஎஃப் லென்ஸ் போடறவங்க, ஹாசல்பிளாட்ல எக்ஸ்சிடி லென்ஸ் போடறவங்க இந்தப் பகுதிய தாராளமா தாண்டிப் போகலாம், அந்த லென்ஸ் எல்லாம் அந்த சென்சாருக்குன்னே செஞ்சது. டெக்னிக்கல் கேமராவுல ஷ்னைடர், ரோடன்ஸ்டாக் வைடு லென்ஸ போட்டு டிஜிட்டல் பேக் (சென்சார் இருக்குற, தனியா கழட்டி மாட்டுற பின்பகுதி) மாட்டி ஷிஃப்ட் பண்ணி கட்டடம் எடுக்குறவங்களுக்கும், அடாப்டர் போட்டு பழைய வைடு லென்ஸ ஓட்டுறவங்களுக்கும் தான் இது தேவை. ஐக்யூ4 150 மெகாபிக்சல், ஜிஎஃப்எக்ஸ் 100 மாதிரி பின்பக்க ஒளி வாங்குற சென்சார்ல பிரச்சனை நல்லா குறைஞ்சிருக்கு, செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்குற பழைய பேக்ல தான் ஓரம் மெஜன்டாவா பழுக்கும். பேக்க மலிவா வாங்கி லென்ஸுக்குக் காச போடறவங்க இந்த வேலையையும் சேத்து தான் வாங்குறாங்க.

செய்யுறது சுலபம். பால் வெள்ளை அக்ரிலிக் சீட்டு, நேம் போர்டு செய்யுற கடையில கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாங்குங்க. படம் எடுத்த உடனே அதே அப்பர்ச்சர், அதே ஃபோகஸ், அதே ஷிஃப்ட்ல லென்ஸ் முன்னாடி ஒட்டிப் பிடிச்சு இன்னொரு ஷாட், ஹிஸ்டோகிராம் நடுவுல நிக்கற மாதிரி, எங்கயும் வெடிக்காம. கேப்ச்சர் ஒன்ல எல்சிசி டூல்ல அந்த ஷாட்ட வெச்சு கிரியேட் கொடுத்து மத்த படத்துக்கு அப்ளை பண்ணிடலாம், ஓர இருட்டும் சென்சார் தூசியும் கூட அதுலயே எடுக்கலாம். லைட்ரூம் கிளாசிக்ல இதுக்கு ஃப்ளாட் ஃபீல்டு கரெக்ஷன்னு இருக்கு.

ஷிஃப்ட்ட கொஞ்சம் மாத்தினாலும் புது எல்சிசி ஷாட் வேணும், இது தான் இதோட வலி. 102 மெகாபிக்சல் கேமராவுல கம்பிரஸ் பண்ணாத 16 பிட் ரா ஒண்ணு 200 எம்பிய ஒட்டி வரும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு துணை ஃபிரேம்னா ஹார்டு டிஸ்க் செலவு இரட்டிப்பு. ஓரத்த தூக்கி சரி பண்றதால ஓரத்துல நாய்ஸும் ஏறும்.

பழைய குடும்ப ஃபோட்டோ, ஓலைச்சுவடி, பத்திரம் இதெல்லாம் கேமராவுல காப்பி எடுக்குறவங்களுக்கு இதே டூல்ல ஒரு நல்ல வழி இருக்கு. பொருள எடுத்துட்டு அதே இடத்துல ஒரு பெரிய வெள்ளை அட்டைய வெச்சு ஒரு ஷாட் எடுத்து அத ஃப்ளாட் ஃபீல்டா போட்டா ரெண்டு லைட்டுக்கு நடுவுல இருக்குற ஏத்த இறக்கமும் சேந்து போயிடும். இத நம்ம ஊர்ல கொஞ்சப் பேரு தான் பண்றாங்க, பண்ணிப் பாருங்க.

## லைட்டையே சரி பண்றது

மண்டபம்னா இது தான், வேற வழி தேடி நேரத்த வீணாக்காதீங்க. மூணு கலர் லைட் ஒரே மூஞ்சியில விழுந்த பின்னாடி கிரே கார்டு எந்த லைட்டுக்கு பதில் சொல்லும்? குரூப் ஃபோட்டோ நேரத்துல மட்டும் பார் லைட்ட நிறுத்தச் சொல்லி லைட் செட் போட்டவர் கிட்ட முன்னாடியே பேசி வெச்சுடுங்க, "அண்ணா, பொண்ணு மாப்பிள்ளை ஃபோட்டோ எடுக்குற நேரத்துக்கு மட்டும் கலர் லைட்ட நிறுத்திக் கொடுங்க"ன்னு மரியாதையா கேட்டா பெரும்பாலும் நிறுத்துவாங்க. மஞ்சள் பல்ப் நிறுத்த முடியாதுன்னா ஃபிளாஷ் மேல ஆரஞ்சு ஜெல் போட்டு ஃபிளாஷையும் அதே கலருக்குக் கொண்டு வந்துடுங்க, அப்ப மொத்தமும் ஒரே காஸ்ட், ஒரே கிளிக்ல போயிடும். டியூப் லைட்டுக்கு பச்சை ஜெல்.

இன்னொரு வழி மண்டப லைட்டையே ஃபிளாஷால அமுக்கறது, இங்க கேமராவும் முக்கியம். ஜிஎஃப்எக்ஸ்ல ஃபிளாஷ் சிங்க் (ஃபிளாஷோட ஒத்துப் போற அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125 தான், அதுல மண்டப லைட் கொஞ்சம் உள்ள வந்துடும். ஹாசல்பிளாட் எக்ஸ் லென்ஸுக்குள்ள லீஃப் ஷட்டர் இருக்குறதால 1/2000 வரைக்கும் சிங்க் ஆகும், சுத்தி இருக்குற லைட் கிட்டத்தட்ட இல்லாம போயிடும், ஃபிளாஷ் கலர் மட்டும் மிச்சம். கல்யாணம் தான் முக்கிய வருமானம்னா கேமரா எடுக்கும்போதே இத யோசிக்கணும்.

எல்இடி, டியூப் லைட் அடியில எலக்ட்ரானிக் ஷட்டர போடாதீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், பெரிய சென்சார் வரி வரியா மெதுவா படிக்கும், படத்துல பட்டை பட்டையா கலர் மாறி நிக்கும், அத எந்த கார்டாலயும் எடுக்க முடியாது. மெக்கானிக்கல் ஷட்டர்ல 1/50, 1/100 வெச்சா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம்.

வெளிய சாமியானா பந்தல்னா வெயில் துணி வழியா இறங்கி எல்லாருமே ரோஸா நிப்பாங்க. துணி ஒரே கலரா இருந்தா கிரே கார்டு ஓரளவு காப்பாத்தும், சிவப்பு மஞ்சள்னு கோடு போட்ட துணின்னா ஆள பந்தல் ஓரத்துக்குக் கூட்டிட்டு வந்து எடுக்கறது நல்லது. பாலிஷ் கல்லுல தெரியுற வானத்துக்கு போலரைசர் போடுங்க, கல்லுக்கு நேர் நின்னா வேலை செய்யாது, அந்த நேர் நிலையில இருந்து சுமார் 56 டிகிரி சாஞ்சு பாக்குறப்ப தான் பிரதிபலிப்பு நல்லா போகும். கேட்லாக்குக்கு நேரா தான் எடுக்கணும்னா கேமராவுக்குப் பின்னாடியும் மேலயும் பெரிய கருப்புத் துணிய கட்டிடுங்க.

## ரெண்டு மூணு சேந்து வந்தா

பெரும்பாலும் ஒண்ணோட நிக்காது. அப்ப வரிசை முக்கியம்: எல்சிசி தேவைன்னா அது முதல்ல, அப்புறம் புரொஃபைல், அப்புறம் கிரே கார்டு ஷாட்ல இருந்து வொயிட் பேலன்ஸ், கடைசியா மிச்சம் இருக்குற பச்சையோ நீலமோ மாஸ்க் போட்டு (அந்த இடத்த மட்டும் தேர்ந்தெடுத்து) அங்க மட்டும். தாடைக்கு அடியில பச்சைன்னா மாஸ்க்ல டின்ட்ட மெஜன்டா பக்கம் கொஞ்சம் தள்ளுனா போதும், மொத்த மூஞ்சிக்கும் தள்ளாதீங்க. ஷேடோ மட்டும் நீலமா நிக்குதுன்னா கேப்ச்சர் ஒன்ல கலர் பேலன்ஸ் டூல்ல ஷேடோ சக்கரம் தனியா இருக்கு, லைட்ரூம்ல கலர் கிரேடிங்ல இருக்கு, அத மட்டும் தொடுங்க.

இதுல எத எடுத்தாலும் மானிட்டர் கேலிபிரேட் பண்ணாம (கலர சரியா காட்ட வைக்காம) வேலை ஆகாது. கலர் செக்கர் வாங்க வெச்ச காசு கையில இருந்து மானிட்டர் கேலிபிரேட்டர் இன்னும் வாங்கலன்னா முதல்ல கேலிபிரேட்டர வாங்குங்க, கிரே கார்டோட சேந்து அது ரொம்ப தூரம் கொண்டு போகும். சிஸ்டம் இருக்குற ரூம்ல சுவரு பளிச்சுன்னு பச்சையோ ரோஸோ அடிச்சிருந்தா அதையும் சாம்பலாவோ வெள்ளையாவோ மாத்துங்க, ஏன்னா அந்தச் சுவத்துல பட்டு வர்ற வெளிச்சம் ஸ்கிரீன் மேல தான் விழுது.

அப்புறம் படத்த அனுப்புறது. கிரானைட் ஓனருக்கு வாட்ஸாப்ல போறதுன்னா எஸ்ஆர்ஜிபில (ஸ்கிரீனுக்கான பொதுவான கலர் வரம்பு) எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அடோபி ஆர்ஜிபில அனுப்புனா சில ஃபோன்ல கலர் செத்து தெரியும், அவர் மறுபடி "ஊதா எங்கப்பா?"ன்னு கேப்பாரு, நீங்க ஃபைல்ல இல்லாத காஸ்ட்ட தேடிகிட்டு இருப்பீங்க. பிரிண்டுக்குப் போற டிஃப் ஃபைல் மட்டும் பிரஸ்காரங்க கேக்குற புரொஃபைல்ல தனியா கொடுத்துடுங்க.